ஆயிரத்து ஐந்நூறாவது குழந்தை



போன மாதக் கடிதக் கட்டில் ஓர் அஞ்சலட்டை. திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். வகுப்பில் உலகப் படத்தை விரித்திருந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், நம்ம ஊர் அளவுக்கே ஒரு நாடு இருக்குமா?" என்று கேட்டதாம். "வாட்டிகன் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது குளமும் மரமும் பள்ளிக்கூடமும் உள்ள ஒரு நாட்டை. நீங்கள் எழுதுங்களேன்" என்று முடித்திருந்தார்.

எழுதுகிறேன், டீச்சர். அந்த நாட்டின் பெயர் நவுரு.

பசிபிக் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டுக்கு அரைப் பாகை தெற்கே, 21 சதுர கிலோமீட்டர் நிலம். நம் நெடுந்தீவில் பாதிகூடத் தேறாது. பக்கத்து வீடு என்று சொல்வதானால் பனாபா என்ற தீவைத்தான் சொல்லவேண்டும். அதற்கே 300 கிலோமீட்டர் கடலைக் கடக்கவேண்டும். தீவைச் சுற்றி ஒரே சாலை, சுமார் 19 கிலோமீட்டர். சைக்கிளில் புறப்பட்டவர் ஒன்றரை மணி நேரத்தில் தன் நாட்டை முழுக்கச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சட்டப்படி தலைநகர் என்று ஒன்று கிடையாது. யாரென் என்ற வட்டாரத்தில் நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் இருக்கின்றன. மக்கள் ஏறத்தாழ 12,000 பேர். உலகத்தின் மிகச் சிறிய குடியரசு இதுதான்.

கவிழ்த்து வைத்த தட்டைப் போன்ற நிலம். விளிம்பில் தென்னையும் தாழையும் அடர்ந்த ஒடுங்கிய கரை, வீடுகளெல்லாம் அங்கேதான். அதிலிருந்து சட்டென்று மேடேறி நடுவில் ஒரு பீடபூமி. அதை ஊர்க்காரர்கள் "டாப்சைட்" என்று சொல்கிறார்கள். தென்மேற்கே ஒரு பள்ளத்தில் புவாடா என்ற ஏரி, சுற்றிலும் தென்னை. ஆறு கிடையாது. மழை பொய்த்தால் தண்ணீருக்குத் தவிப்புத்தான். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கிறார்கள்.

அந்நாட்டின் அரசுச் சின்னத்தில் மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று, அலைகளுக்கு மேலே அமர்ந்திருக்கும் ஃபிரிகேட் பறவை. இன்னொன்று, பழைய ரசவாதிகள் பாஸ்பரஸுக்கு இட்ட குறி. மூன்றாவதைப் பார்த்தபோது எனக்கு உள்ளம் குளிர்ந்தது: பூத்த புன்னைக் கிளை. மயிலாப்பூர்க் கோவிலில் தலமரமாக நிற்கிற, நம் நெய்தல் நிலத்துக்கே அடையாளமான அதே புன்னை. அங்கே அதற்குத் தொமானோ என்று பெயர். தாழை, புன்னை, தென்னை என்று அந்தக் கரையில் நிற்கும் மரங்களை எண்ணினால் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு அங்கே அன்னியம் எதுவும் தோன்றாது.

ஒரு பறவையும் ஒரு கல்லும் ஒரு பூவும். நவுருவின் கதை முழுக்க இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் கல்லின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

பறவையிலிருந்து தொடங்குகிறேன். நவுருவில் பன்னிரண்டு குலங்கள். கொடியில் நிலநடுக்கோட்டைக் குறிக்கும் மஞ்சள் கோட்டுக்குக் கீழே உள்ள வெள்ளை நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனைகள் இருப்பது அதனால்தான். பிள்ளைக்குக் குலம் தாய்வழியில் வரும். ஃபிரிகேட் பறவையைப் பிடித்துப் பழக்குவது இந்தக் குலங்களின் ஆண்களுக்குப் பெரிய பெருமை. கல் கட்டிய கயிற்றை வானத்தில் வீசி, பறக்கிற பறவையின் சிறகில் சுற்றவைத்து இறக்குவார்கள். பிறகு மீன் ஊட்டிப் பழக்கி, கடற்கரையில் கட்டிய பெரிய சட்டத்தில் உட்காரவைப்பார்கள். அது கடலுக்குப் பறந்து போய்விட்டுத் திரும்பி வரும். உண்பதற்காகப் பிடித்ததில்லை. வானத்தில் திரிகிற ஒன்று தன் வீடு தேடி வருவதில் அவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

கயிற்றை வைத்து அவர்கள் செய்த இன்னொன்று, விரல்களுக்கிடையே நூலைக் கோத்து உருவங்கள் அமைக்கும் விளையாட்டு. நம் பிள்ளைகளும் நூலை விரலில் மாட்டி விளையாடுவதுண்டு. நவுருவில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. அவர்கள் அமைத்த உருவங்களின் சிக்கலையும் நுணுக்கத்தையும் கண்டு வியந்த ஹானர் மாட் என்ற அம்மையார் அவற்றைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்.

புவாடா ஏரியின் கதையைச் சொல்லாமல் போகமுடியாது. கடற்கரைப் பாறை இடுக்குகளில் பால்கெண்டைக் குஞ்சுகளைச் சேகரிப்பார்கள். பாத்திரத்தில் வைத்து, கடல்நீரில் சிறிது சிறிதாக நல்ல நீரைக் கலந்து பழக்கி, பிறகு ஏரியில் விடுவார்கள். ஏரியில் இந்தக் குடும்பத்துக்கு இந்தப் பங்கு என்று வரப்பு வைத்ததுபோல் பிரித்திருந்தார்கள். கடல் கொந்தளித்து வலை போட முடியாத நாளிலும், விருந்து வந்த நாளிலும் அந்த மீன்தான் கைகொடுத்தது. அயலார் யாரும் கற்றுக்கொடுக்காத மீன் வளர்ப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெளியிலிருந்து இன்னொரு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். திலேப்பியா. நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அதுதான். அது பெருகிப் பெருகிப் பால்கெண்டையை ஒடுக்கிவிட்டது. நம் ஊர்க் குளங்களில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வெளியுலகம் இவர்களைக் கண்டது 1798இல். ஜான் ஃபெர்ன் என்ற கப்பல் தலைவர் கரையை நெருங்கியபோது படகுகளில் வந்து வரவேற்ற மக்களைப் பார்த்து "இனிய தீவு" என்று பெயரிட்டுப் போனார். பிறகு திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வரத் தொடங்கின. கப்பலிலிருந்து ஓடிவந்தவர்கள் கரையில் தங்கினார்கள். தேங்காய்க்கும் பன்றிக்கும் பண்டமாற்றாகத் துப்பாக்கி வந்தது. தென்னம்பாளையைச் சீவி இறக்குவதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கும் பழக்கமும் கூடவே வந்தது. 1878இல் ஒரு கல்யாண வீட்டில் வாய்ச்சண்டை முற்றி ஓர் இளைஞன் சுடப்பட்டான். பத்தாண்டு உள்நாட்டுப் போர் அப்படித்தான் தொடங்கியது. 1843இல் சுமார் 1,400 பேர் இருந்த தீவில் 1888இல் சுமார் 900 பேர்தான் எஞ்சினர். அந்த ஆண்டு தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த ஜெர்மனி, மக்களிடமிருந்து பறிமுதல் செய்த துப்பாக்கிகள் 765. கைக்குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆளுக்கொன்று.

இனி கல்லின் கதை. நவுருவிலிருந்து கப்பல் அதிகாரி ஒருவர் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போனார். கல்லாகிப் போன மரம் என்று நினைத்தாராம். சிட்னியில் ஒரு வணிகக் கம்பெனி அலுவலகத்தில் அது கதவு சாத்திக்கொள்ளாமல் தடுக்கும் முட்டுக்கல்லாகக் கிடந்தது. 1899இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதன்மேல் ஐயம் கொண்டு சோதித்துப் பார்த்தார். உயர்தரமான பாஸ்பேட் கல்! நம் உழவர்கள் மணிச்சத்து என்று சொல்வது இந்தப் பாஸ்பரஸைத்தான். நாற்று நடுமுன் அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட் போட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மண்ணில் மணிச்சத்து மிகவும் குறைவு. அந்த மண்ணைக் கோதுமைக் காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாற்ற இந்தக் கல் வேண்டியிருந்தது.

1906இல் வெட்டத் தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டு முதல் கப்பல் புறப்பட்டது. நிலக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைக் கைப்பற்றியது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்துத் தோண்டின. உலகச் சந்தையைவிடக் குறைந்த விலைக்குத் தங்கள் நாட்டு உழவர்களுக்கு அந்த உரத்தைக் கொடுத்தன. தீவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் கப்பல் நங்கூரமிட இடமில்லை. ஆழ்கடலில் மிதவைகளைக் கட்டி அவற்றில் கப்பலைப் பிணைத்து, கரையிலிருந்து கடலுக்குமேல் நீட்டிய இரும்புக் கைகள் வழியாகக் கல்தூளைக் கொட்டினார்கள்.

அந்தக் கல் இருந்த விதத்தையும் சொல்லவேண்டும். பழைய பவளப்பாறைத் தூண்கள் காடுபோல நிற்க, அவற்றின் இடுக்குகளில் பாஸ்பேட் நிரம்பியிருந்தது. மேல்மண்ணையும் மரங்களையும் அகற்றிவிட்டு இடுக்கில் இருப்பதை வாரி எடுத்தால் தூண்கள் மட்டும் நிற்கும். சில இரண்டு மூன்று ஆள் உயரம். சில அதற்கும் மேல். அங்கே விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது, நடக்கவே முடியாது. இன்று தீவின் ஐந்தில் நான்கு பங்கு இப்படிக் கிடக்கிறது.

இதற்கிடையில் அந்த மக்கள் எதை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

1920இல் இன்ஃபுளுயன்சா வந்து தீவில் வீட்டுக்கு வீடு சாவு. மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. ஓர் இனம் அழியாமல் தழைக்கவேண்டுமானால் குறைந்தது 1,500 பேராவது இருக்கவேண்டும் என்று அன்றைய நிர்வாகி கணக்கிட்டுச் சொன்னார். அந்த எண்ணிக்கையை எட்டும் நாள் பொது விடுமுறை, அன்று பிறக்கும் குழந்தை நாட்டுக்கே குழந்தை என்று முடிவாயிற்று. அதன்பின் ஒவ்வொரு பிரசவத்தையும் தீவு முழுவதும் காத்திருந்து கேட்டது. ஒன்று பிறந்தால் ஒன்று கூடும். ஒருவர் இறந்தால் ஒன்று குறையும். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள். 1932 அக்டோபர் 26 அன்று ஒரு பெண்குழந்தை பிறந்தாள். ஆயிரத்து ஐந்நூறாவது ஆள். எய்டகருவோ என்று பெயர். அந்த நாளுக்கு அங்கம் என்று பெயரிட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்கு, எண்ணியதை எட்டியது என்றும் பொருள், வீடு வந்து சேர்ந்தது என்றும் பொருள்.

கடலுக்கு அப்பால் கணக்குப்பிள்ளைகள் டன்களை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்த மக்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எண்ணிக்கை நிலைக்கவில்லை. 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை தீவில் இறங்கியது. அடுத்த ஆண்டு 1,200 நவுரு மக்களைக் கப்பலில் ஏற்றி, வடமேற்கே வெகுதொலைவில் உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். தீவில் இருந்த தொழுநோயாளிகளைப் படகில் ஏற்றி நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். ட்ரக்கில் பசியும் நோயும் குண்டுவீச்சும். 1946 ஜனவரி 31 அன்று ஒரு பாஸ்பேட் கப்பல் அவர்களைத் திரும்ப ஏற்றி வந்தது. கரையில் இறங்கியவர்கள் 737 பேர்.

மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். 1949 மார்ச் 31 அன்று மீண்டும் 1,500. மீண்டும் ஒரு அங்கம் குழந்தை.

1960களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. தீவு எப்படியும் தீர்ந்துவிடும். குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில் கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், எல்லாரும் அங்கே குடிபெயருங்கள். நல்ல மண், தண்ணீர், வேலை. ஆனால் அங்கே அவர்கள் தனி நாடாக இருக்க முடியாது. ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிட வேண்டும். தலைமைக் குடித்தலைவர் ஹேமர் டிரோபர்ட் 1964இல் மறுத்துவிட்டார். ட்ரக்கிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் அவரும் ஒருவர். தூண்காடாகிப் போன மண்ணே போதும் என்று அவர் முடிவுசெய்ததில் எனக்கு வியப்பில்லை. 1968இல் சுதந்திரம் வந்தது. முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். தேதியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்: ஜனவரி 31. கப்பல் திரும்பி வந்த நாள்.

அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும். 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சுரங்கத்தைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றார்கள். வரி கிடையாது, மருத்துவமும் படிப்பும் இலவசம். சொந்த விமான நிறுவனம், மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம். கல் தீர்ந்தபோது பணமும் தீர்ந்திருந்தது. தவறான முதலீடுகளும் ஏமாற்றிய ஆலோசகர்களும் அளவுமீறிய செலவும் எல்லாம் உண்மை. 2005இல் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீனும் தேங்காயும் தின்ற உடம்புகள் டப்பா உணவுக்குப் பழகி, சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்தது.

பேராசை கெடுத்த நாடு என்று இதை ஒரு நீதிக்கதையாகப் பல இடங்களில் சொல்கிறார்கள். அது நியாயமில்லை. அறுபது ஆண்டுகள் மற்றவர்கள் தோண்டித் தின்ற பிறகு கைக்கு வந்த சொத்து அது. அதை இழந்தது ஒரு தலைமுறையின் பிழை. அதைப் பிழிந்தது மூன்று அரசுகள். நவுரு இதைச் சும்மா விட்டுவிடவுமில்லை. சுதந்திரத்துக்கு முன் தோண்டிப் பாழாக்கிய நிலத்துக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். அதன் தலைவர் கொழும்பில் பிறந்த சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. பின்னாளில் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். அக்குழு திரட்டிய சான்றுகளை வைத்து 1989இல் ஹேக் நகரத்திலுள்ள அதே நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடவேண்டும் என்று ஆஸ்திரேலியா வாதாடிப் பார்த்தது. 1992இல் நீதிமன்றம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒரு பஞ்சாயத்து அளவுள்ள நாடு ஒரு கண்டத்தை நீதிமன்றத்தில் நிறுத்தியது.

2001 முதல் அடைக்கலம் தேடிக் கடல்வழியே வருபவர்களை ஆஸ்திரேலியா நவுருவில் கொண்டுபோய் முகாமில் வைக்கத் தொடங்கியது. அதற்காகத் தந்த பணம் நவுரு அரசுக்கு அப்போது உயிர்மூச்சு. அந்த முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களில் இலங்கையிலிருந்து படகேறிய தமிழர்களும் உண்டு. நம் வாசகர்களில் சிலருக்கு நவுரு என்ற பெயர் இந்தத் துயரத்தோடுதான் அறிமுகமாகியிருக்கும். அவர்களிடம் அந்தத் தீவின் அழகைப் பேசுவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். தங்களையும் ஒருகாலத்தில் கப்பலில் ஏற்றி அயல்தீவில் அடைத்துவைத்ததை மறக்காத மக்களின் மண்ணில் அந்த முகாம் எழுந்தது என்பது இரண்டு பக்கத்துக்கும் வலி தருகிற செய்தி.

இப்போது கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. வீடு, மருத்துவமனை, விமான ஓடுபாதை எல்லாம் அந்த ஒடுங்கிய கரையில்தான். மேடான இடம் வேண்டுமானால் டாப்சைட் ஒன்றுதான் உண்டு. அதாவது அந்தத் தூண்காடு. தூண்களை உடைத்துச் சமமாக்கி, மண் பரப்பி, மரம் வளர்த்து, மக்களில் பெரும்பாலானவர்களை அங்கே குடியேற்ற அரசு திட்டம் தீட்டியிருக்கிறது. பாட்டன் காலத்தில் வாரிக்கொண்டு போன நிலத்துக்குப் பேரப்பிள்ளைகள் திரும்ப ஏறிப் போகிறார்கள்.  

டீச்சர், உங்கள் வகுப்பில் கேட்ட பிள்ளையிடம் சொல்லுங்கள்: அப்படி ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஒரு குளம் உண்டு, சுற்றிலும் தென்னை உண்டு, புன்னை பூக்கிறது. இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற அக்டோபர் 26ஆம் தேதி அங்கே விடுமுறை. அன்று எல்லாரும் கூடி விருந்துண்டு, இன்னும் இருக்கிறோம் என்று மகிழ்வார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாம்பனிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இன்னும் எந்தெந்தத் தீவுகளிலோ பிறந்து வளர்ந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தீவைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். தீவில் பிறக்காதவர்களும் எழுதலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுதினால் போதும்: ஜிலேபிக் கெண்டை வருவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் குளத்தில் என்னென்ன மீன்கள் இருந்தன? அவற்றின் பெயர்களை, உங்கள் ஊரில் சொல்கிறபடியே, ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அத்தனையையும் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்